ஊரார் சொல்வதுதான் ஊர்ப்பெயரா?

4 பிப்ரவரி 2023, இரவு 9.15 | காட்பாடி வாசகர் கேட்டது

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி வினாடி வினாவில் ஓர் ஆங்கில நகரின் பெயரை ‘லீசெஸ்டர்’ என்று வாசித்தாள். நடத்தியவர் ‘லெஸ்டர்’ என்று திருத்தினார், அரங்கமே சிரித்துவிட்டது. குழந்தை அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எந்த ஊரின் பெயரையும் நம் நாவுக்கு வந்தபடி சொல்லிக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. வெளிநாட்டார் வேலூரை ‘வெல்லோர்’ என்கிறார்கள். நாம் யாரைப் பார்த்தாவது சிரித்தோமா? அவர்கள் ஊரை மட்டும் அவர்கள் சொல்வதுபோலவே சொல்லவேண்டும் என்பது அடிமைப் புத்தி அல்லாமல் வேறென்ன?

4 பிப்ரவரி, இரவு 10.40 | என் பதில்

சிரித்தது தவறு, திருத்தியது தவறன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டவேண்டாம்.

எழுத்தைப் பார்த்து வாசிக்கப் பழகிய தமிழ்க் குழந்தை அந்தப் பெயரை வேறு எப்படி வாசிக்கும்? பிழை அவளுடையதன்று, எழுதுவது ஒன்றும் சொல்வது ஒன்றுமாக வைத்திருக்கும் ஆங்கிலத்தினுடையது. வூஸ்டர், க்ளோஸ்டர் என்னும் ஊர்களும் இப்படித்தான் பாதி எழுத்தை விழுங்கி நிற்கின்றன. நம் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாகக் ‘கிரீன்விச்’ என்று இருக்கும் இடம் அங்கே ‘கிரெனிச்’. சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைச் சரியாகச் சொல்வார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கலாம்.

அடிமைப் புத்தி என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் காகிதம் தயாரித்தவன் நான். ஊர்ப்பெயரை வாய்க்கு வந்தபடி சொன்னதால் பட்டதை நாளை எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, மாலை 5.20

நேற்றுச் சொன்ன கதை. 1990களின் தொடக்கம். இத்தாலிக்கு ஒரு கன்டெய்னர் ஃபினிஷ்டு லெதர் போகவேண்டும். அன்று பார்த்து ஃபாக்ஸ் இயந்திரம் படுத்துவிட்டதால், சென்னையில் இருந்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு எஸ்.டி.டி. போட்டு, இன்வாய்சில் இருந்ததை வரி வரியாக வாசித்தேன். மறுமுனையில், புதிதாகச் சேர்ந்திருந்த பையன் எழுதிக்கொண்டான். சரக்கு இறங்கும் துறைமுகம் வந்ததும் ‘ஜெனோவா’ என்று, நடுவெழுத்தை நீட்டி, மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் நாளிதழில் நித்தம் வரும் ஜெனீவா. அவன் ஜெனீவா என்றே எழுதினான்.

பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் சரக்கு ரசீது அச்சாகி என் மேசைக்கு வந்தபோது எடை, கட்டுகளின் எண்ணிக்கை, எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) எண் ஆகிய அனைத்தையும் பென்சிலால் குறியிட்டுச் சரிபார்த்த நான், ஊர்ப்பெயரின் மேல் கண்ணை ஓட்டியதோடு சரி. வங்கியில் கண்டுபிடித்தார்கள். எல்.சி.யில் ஒரு துறைமுகமும் பில்லில் வேறொரு துறைமுகமும் இருந்தால் அது டிஸ்கிரிபன்சி, அதாவது முரண்பாடு. திருத்தி வரும்வரை பணம் கிடையாது. காகிதங்களைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி, “சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாதே சார், கப்பலை ஏரியில் இறக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். நல்ல வேளையாகச் சரக்குக்கான புக்கிங் சரியாக இருந்ததால் கப்பல் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று. காகிதத்தைத் திருத்தி வாங்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது.

சில மாதங்கள் கழித்து, அந்தச் சரக்கை வாங்கியவரே ராணிப்பேட்டைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. என் மேசையின் விளிம்பைச் சுட்டுவிரலால் ஒரே ஒரு முறை தட்டி, அந்தத் தட்டோடு சேர்த்து ‘ஜே’ என்று அழுத்திச் சொல்லி, ‘னொவா’வை அதன் பின்னால் மெல்ல நழுவவிட்டார். ஜேனொவா. அப்படிச் சொன்னால் ஜெனீவா என்று கேட்க யாருக்கும் வாய்ப்பே இல்லை. மெய்யெழுத்துகளை எல்லாம் சரியாகச் சொல்லியும் அழுத்தத்தை இடம் மாற்றிப் போட்டதால்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அவர் ஊர் ஆர்ட்ஸின்யானோ. இத்தாலியில் தோல் பதனிடுவதற்குப் பெயர் போன ஊர். எங்கள் அலுவலகத்தில் அதை ‘அர்ஸிக்னானோ’ என்போம். அதேபோல் டஸ்கனியில் சாந்தா குரோச்சே என்றொரு தோல் ஊர் இருக்கிறது. எங்கள் பேக்கிங் பிரிவு முழுவதும் அதைச் ‘சாந்தாகுரூஸ் பார்ட்டி’ என்றே அழைத்தது. அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கும் பம்பாய்க்குப் போகிற சரக்கு என்று நம்பிய தொழிலாளர்களும் இருந்தார்கள்.

6 பிப்ரவரி, காலை 6.50

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போயிற்று, அதுதான் முக்கியம். அந்த இத்தாலியரும் எங்கள் ஊர்ப்பெயரைக் கற்றுக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டை’யை வெட்டிவிட்டு ‘ராணிப்பெட்’ ஆக்கிவிட்டார்களே, அதைத்தான் அவர் அதுவரை வாசித்துவந்தார். தொழிற்சாலைக்குப் போகும் வழியெல்லாம் காரில் ‘ராணிப்பேட்டை’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ணகரமும் டகரமும் அவர் நாவில் ஒட்டவில்லை. ‘ரானிப்பேத்தை’ என்று வந்தது. கேட்டருகே இறங்கியவுடன் வாட்ச்மேனிடம் அதைச் சொல்லிக் கும்பிட்டார். “தொர நம்ம ஊரு பேர முழுசா சொல்றாரு சார்” என்று அவர் அன்று மாலை வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ணகரம் தவறியதை அவர் பொருட்படுத்தவே இல்லை. ‘டை’ இருந்ததா என்றுதான் அவர் காது பார்த்தது.

6 பிப்ரவரி, இரவு 11.05

குடியாத்தத்து நண்பர், “தேம்ஸ் என்பதும் தப்பா?” என்று கேட்கிறார். லண்டனில் ஓடும் ஆற்றுக்குத் ‘தெம்ஸ்’ என்பதே அவ்வூர் வழக்கு. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் அதே பெயரில் ஓர் ஆறு உண்டு. அதைத் ‘தேம்ஸ்’ என்றே சொல்கிறார்கள். ஆகவே நாம் அறுபது ஆண்டுகளாகக் கனெடிகட் ஆற்றைச் சரியாகச் சொல்லிவந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 பிப்ரவரி, இரவு 8.30

துருக்கியில் நேற்று நேர்ந்த நிலநடுக்கச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மையப்பகுதிக்கு அருகில் உள்ள நகரின் பெயரை ஓர் அலைவரிசையில் ‘மராஸ்’ என்றும் இன்னொன்றில் ‘மராஷ்’ என்றும் முடிக்கிறார்கள். துருக்கிய எழுத்தில் அந்தக் கடைசி எழுத்தின் அடியில் ஒரு சிறு வால் உண்டு. வால் இருந்தால் ஷகரம். ஆங்கிலச் செய்தியில் அந்த வால் உதிர்ந்துபோகிறது, அங்கிருந்து எடுத்து எழுதுகிற நமக்கு ஸகரம்தான் மிஞ்சுகிறது. கஹ்ரமன்மராஷ் என்பதே சரி. இடிந்த வீட்டின் முன் உட்கார்ந்திருப்பவனிடம் இதைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஆனால் உறவினரைத் தேடுகிறவர்களின் காதில் விழும் முதற்சொல் ஊர்ப்பெயர்தானே.

நாட்டின் பெயரைப் பொறுத்தவரை நாம் தப்பித்தோம். ஆங்கிலத்தில் அது வான்கோழியின் பெயராகவும் இருப்பது பிடிக்காமல்தான், ‘துர்கியே’ என்று எழுதுங்கள் என்று அந்நாடு கேட்டு, சென்ற ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையும் ஏற்றுக்கொண்டது. தமிழில் துருக்கி எப்போதும் துருக்கியாகவே இருந்தது; அதில் கோழியும் இல்லை, குஞ்சும் இல்லை.

8 பிப்ரவரி, இரவு 9.45

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தபோது, ‘ஊரார் சொல்வதே சரி’ என்னும் விதியை நான் சொல்லாமலே பின்பற்றி வந்திருப்பது தெரிகிறது. அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பெயர் எந்த மொழியில் பிறந்தது என்பது முக்கியமன்று. பிரான்சில் அரண்மனை இருக்கும் ஊர் ‘வெர்சாய்’. அதே எழுத்துகளோடு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் ஊர் ‘வெர்சேல்ஸ்’. கென்டக்கிக்குப் போய் வெர்சாய் என்று சொல்பவர் பிரெஞ்சு தெரிந்தவர் ஆகலாம், ஊர் தெரிந்தவர் ஆகமாட்டார். ஆர்க்கன்சா மாநிலத்தார் இதற்காகச் சட்டமன்றத்திலேயே, கடைசியில் எழுதும் ‘எஸ்’ எழுத்தை உச்சரிக்கக்கூடாது என்று 1881இல் தீர்மானம் போட்டார்கள். பக்கத்திலேயே கேன்சஸ் தன் ஸகரத்தை விடாமல் வைத்திருக்கிறது.

10 பிப்ரவரி, பிற்பகல் 3.10

வாலாஜாவிலிருந்து ஒருவர், “அப்படியானால் கொழும்பைக் கொலம்போ என்றும், எகிப்தை மிஸ்ர் என்றும் எழுதவேண்டுமா?” என்று மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு.

எழுத வேண்டியதில்லை. கொழும்பும் கண்டியும் காலியும் மட்டக்களப்பும் நாம் ஆங்கிலேயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர்கள் அல்ல. அங்கே வாழும் தமிழர்களின் நாவிலேயே இருப்பவை. கடலோடிகள் கெடாவைக் கடாரம் என்றார்கள், ஜாவாவைச் சாவகம் என்றார்கள். அவையும் நம் காதுகள் நேரடியாகக் கேட்டுச் செதுக்கியவை. வடசொல்லைத் தமிழெழுத்துக்கு இயைய எழுதிக்கொள்ளத் தொல்காப்பியம் வழிவிட்டது. அந்த வழியில் வந்த பெயர்களைக் கலைக்கவேண்டிய தேவை இல்லை. நான் குறைப்படுவது வேறு வகையைப் பற்றி: நாம் ஊராரைக் காதால் கேளாமல், ஆங்கிலத்தின் வழியாகவே பெற்ற பெயர்கள். ‘சிலி’ அப்படிப்பட்டது, அந்நாட்டார் ‘சிலே’ என்கிறார்கள். சிலே என்று எழுதத் தமிழுக்கு என்ன தடை? எழுத்து இருக்கிறது, ஒலி இருக்கிறது. சோம்பல்தான் குறுக்கே நிற்கிறது.

மக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் இருந்தார். ஹஜ்ஜுக்கு விடுப்புக் கேட்டு எழுதிய தமிழ்க் கடிதத்தில் ‘மக்கா’ என்று எழுதியிருந்ததை, மேலாளர் சிவப்பு மையால் ‘மெக்கா’ என்று திருத்தித் திருப்பி அனுப்பினார். வாணியம்பாடிக்காரர் சண்டை போடவில்லை. அடுத்த கடிதத்திலும் மக்கா என்றே எழுதினார். ஐந்து வேளையும் அந்தத் திசையை நோக்கித் தொழுகிற மனிதரைவிட, ‘கிரிக்கெட்டின் மெக்கா’ என்று செய்தித்தாளில் வாசித்த மேலாளருக்கு அந்த ஊர்ப்பெயர் நன்றாகத் தெரிந்துவிட்டது, பாருங்கள்.

10 பிப்ரவரி, இரவு 10.00

சேர்க்கை: ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதை நம்மூரில் சிலர் கேலி செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். நாம் எழுதும் ‘டொராண்டோ’வும் அந்நகரத்தார் நாவில் இல்லை, அவர்கள் இரண்டாவது டகரத்தை விழுங்கி ‘டொரானோ’ என்கிறார்கள். கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி, காலை 11.30

இப்போது கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன்: அவர்கள் நம் ஊரைத் தவறாகச் சொல்கிறார்களே என்பது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளிவந்தது. நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன்; வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்று எழுதிய துரைமார் போட்ட முடிச்சுகளை யாராவது அவிழ்க்கத்தான் வேண்டும். ஆனால் வேலூருக்கு வந்த கூட்டல் என்ன? வி, ஈ, ஈ, எல், ஓ, ஓ, ஆர். ‘வே’யின் நெடிலைக் காட்ட இரண்டு ஈ போட்டார்கள். ஆங்கிலம் அறிந்த எவரும் அதை ‘வீலூர்’ என்றுதான் வாசிப்பார். வீல் என்று அலறுகிற ஊர். சில நாள்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய ‘வெல்லோர்’ மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பக்கத்து நாட்டில் இதே வேலையைக் கவனமாகச் செய்தார்கள். வங்கதேச அரசு 2018இல் ஐந்து மாவட்டங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியது: சிட்டகாங் சட்டோகிராம் ஆயிற்று, பாரிசால் பாரிஷால் ஆயிற்று, கொமில்லா குமில்லாவும் போக்ரா போகுராவும் ஜெஸ்ஸோர் ஜஷோரும் ஆயின. வங்காளியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆங்கில எழுத்துதான் ஊராரின் நாவுக்கு அருகில் வந்தது.

12 பிப்ரவரி, மாலை 6.15

ஜஷோர் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்றபின், சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் மைத்துனர் நடத்தும் லாட்ஜில் மாலை வேளைகளில் உட்காருகிறேன். அந்தத் தெருக்களில் பெயர்ப்பலகைகள் பாதி வங்காளியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குப் பதிவேற்ற வேண்டும். அந்த வேலை என் தலையில். சென்ற மாதம் ஓர் அம்மா, மகனோடு வந்தார். பாஸ்போர்ட்டில் பழைய எழுத்துக்கூட்டல். “ஜெஸ்ஸோரா?” என்று கேட்டேன். அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். இருவருக்குமே அது எந்த ஊர் என்று விளங்கவில்லை. பிறகு நான் விரலை வைத்துக் காட்டிய வரியைக் குனிந்து பார்த்துவிட்டு, அந்த அம்மா ‘ஜொஷோர்’ என்றார். ஏதோ தொலைந்த பொருளை எடுத்துக் கொடுத்ததுபோல அவர் முகத்தில் ஒரு தெளிவு. நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, உதட்டைக் குவித்துச் சொல்லிக் காட்டினார். நான் சொன்னதற்குத் தலையசைத்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆயிரம் மைல் தாண்டி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து வந்திருக்கும் ஒருவர், தன் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்க வேற்றூரில் எத்தனை வாய்ப்புக் கிடைக்கும்? காட்பாடி நண்பருக்கு நான் முதல்நாளே சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான். அடிமைத்தனம் என்று லெஸ்டரை வைத்துச் சொன்னீர்கள்; ஜஷோரை வைத்தும் அதையே சொல்வீர்களா?

14 பிப்ரவரி, இரவு 9.00

என் விதியில் ஓட்டை விழுந்துவிட்டது. அக்காள் மகன் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன். சென்ற ஆண்டு போர் தொடங்கியபோது பதுங்கறையில் நாள்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். இந்த இழையை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, ஊரார் சொல்வதே சரி என்கிறீர்களே, ஊராரே இரண்டாகச் சொன்னால்?” என்றான். அவன் இருந்த நகரம் ரஷ்ய மொழியில் ஹார்கொவ், உக்ரைன் மொழியில் ஹார்கிவ். அவனுக்கு வீடு கொடுத்திருந்த அம்மாள் வீட்டில் பேசுவது ரஷ்யமொழி. ஹார்கொவ் என்றுதான் சொல்வாராம். போருக்குப் பின் அவர் இவனுக்கு அனுப்பும் செய்திகளில் எல்லாம் ஹார்கிவ் என்று எழுதுகிறாராம். ஒரே நாக்கு, ஒரே ஆண்டில் இடம் மாறியிருக்கிறது.

இதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த அம்மாளோடு பேசும்போது அவர் இப்போது சொல்வதைச் சொல்லலாம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் வீட்டிலும் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. இங்கே கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே, ஆங்கிலத்தில் பேசும்போது ‘வெல்லோர்’ என்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில் தமிழுக்குத் திரும்பினால் வேலூர். அவர்களும் ஊரார்தான்.

15 பிப்ரவரி, காலை 7.25

ஆரணி நண்பர் தனியே எழுதியிருக்கிறார்: “இனிமேல் பாரிஸைப் ‘பாரி’ என்று சொல்லவேண்டுமோ?” வேண்டாம் ஐயா. தமிழில் பாரி என்றால் முல்லைக்குத் தேர் கொடுத்தவர். இல்லாவிட்டால் சென்னையில் பஸ் போய் நிற்கும் பாரிமுனை. தமிழ் வாக்கியத்தின் நடுவில் திடீரென்று மூக்கால் பிரெஞ்சு பேசுவது நான் சொல்லும் அக்கறை அன்று. அது தன் படிப்பைக் காட்டுவது. புடாபெஸ்ட் நகரத்தார் கடைசியில் ஷகரம் போட்டுப் ‘புடாபெஷ்ட்’ என்கிறார்கள் என்று தெரிந்தும் நான் இங்கே புடாபெஸ்ட் என்றே எழுதுவேன். அங்கிருந்து ஒருவர் லாட்ஜுக்கு வந்தால் ஷகரத்தோடு சொல்வேன்.

19 பிப்ரவரி, இரவு 8.50

காட்பாடி நண்பர் எழுதியிருக்கிறார். மகள் இப்போது அட்லஸை வைத்துக்கொண்டு, எழுதுவதும் சொல்வதும் வேறுபடும் ஊர்களைத் தேடிப் பட்டியல் போடுகிறாளாம். வூஸ்டரை வைத்து வினாடி வினா நடத்தியவரை மடக்கப்போவதாகத் திட்டம். நடக்கட்டும்.

ஜஷோர் அம்மா இன்று ஊருக்குக் கிளம்பினார். போகும் முன் நம் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். வங்காளியில் வகரம் கிடையாது. ‘வே’ என்று நான் சொல்லச் சொல்ல, அவர் உதடு ஒட்டிப் ‘பே’ என்றே வந்தது. கடைசியில் பெருமுயற்சி செய்து ‘பேலூர்’ என்றார். பக்கத்து அறையில் இருக்கும் கொல்கத்தாக்காரர் எட்டிப்பார்த்து, பேலூர் எங்கள் ஊர்ப்பக்கம், ராமகிருஷ்ணர் மடம் இருக்கும் இடம் என்று சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார்.

என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடவேண்டும். ஒரு மாதமாக நான் ‘ஜொஷோர் அம்மாவுக்கு வெந்நீர்’, ‘ஜொஷோர் அம்மா ரூமைப் பெருக்கு’ என்று சொல்லிவந்ததை, ரூம் பாய் ‘ஜோசியர் அம்மா’ என்றே கேட்டிருக்கிறான். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, “போறதுக்கு முன்னாடி எனக்கும் பாத்துச் சொல்லுங்கம்மா” என்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பையைத் திறந்து, ஒரு தேங்காய் உருண்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.